குணம் உள்ள வீடு

லண்டன் வீட்டுத் தரகர்களின் விளம்பரங்களில் ஒரு சொல் ஓயாமல் வரும்: கேரக்டர். 'கேரக்டர் நிறைந்த தோட்டத் தள வீடு, வரலாற்றுக் கட்டடத்தில், இரண்டு படுக்கையறை, விற்பனைக்கு.' புதிதாக எழும்பிய கண்ணாடிக் கோபுரத்தின் பதினேழாம் மாடிக்கு யாரும் இந்தச் சொல்லைப் போடுவதில்லை. கேரக்டர் என்றால் உயரமான கூரை, அதன் விளிம்பில் சாந்தில் வார்த்த பூவேலை, மேலும் கீழும் தள்ளித் திறக்கிற சன்னல், ஒன்றரை அடிச் சுவர், கால் வைத்தால் முனகும் பலகைத் தரை. கொஞ்சம் குளிரும் கொஞ்சம் ஓதமும் அதில் அடக்கம். விளம்பரம் அவற்றைச் சொல்லாது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு ராசி உண்டு, வாஸ்து உண்டு, சில வீடுகளுக்குக் கெட்ட பேரும் உண்டு. குணம் மனிதருக்குத்தான். அந்தச் சொல்லை வீட்டுக்கு வைத்துப் பார்த்தால் அதன் இன்னொரு பொருள் உள்ளே நுழைந்துவிடுகிறது: காய்ச்சல் குணமாயிற்று, மருந்து குணம் கொடுத்தது. ஒரு மொழியின் தற்செயல் என்று இதை ஒதுக்கிவிடலாம். வட லண்டனில் உள்ள ஒரு கட்டடத்தின் விஷயத்தில் மட்டும் ஒதுக்க முடியவில்லை.

அதற்கு முன் தோட்டத் தளம் என்பதன் பூர்வீகத்தையும் பார்த்துவிடலாம். சென்னைவாசியின் காதில் இது கம்பெனிக் காலத்துத் தோட்ட வீடுபோல ஒலிக்கும். பல ஏக்கர், தூண்கள், வாகன வாசல் என்று நினைப்பு ஓடும். லண்டனில் கதை தலைகீழ். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரிசை வீடுகளில் தெருமட்டத்துக்குப் பாதி கீழே ஒரு தளம் இருக்கும். சமையலும் பாத்திரம் கழுவுதலும் அங்கே. வேலைக்காரப் பெண்கள் விடியும் முன் அங்கே அடுப்பு மூட்டினார்கள். நடைபாதையில் பதித்த வட்ட இரும்பு மூடியைத் தூக்கி நிலக்கரியைக் கொட்டினால் அது நேரே கீழறைக்குப் போய்விழும். அந்த மூடிகளை இன்றும் லண்டன் நடைபாதைகளில் மிதித்துக்கொண்டு போகலாம். வேலைக்காரர்கள் காலம் போனபின் அந்தத் தளம் நிலவறை எனப்பட்டது. வீடு கூறுபோடப்பட்டபோது 'கீழ்த் தரைத்தளம்' ஆயிற்று. பின்பக்கக் கதவு கொல்லைப்புறத்துக்குத் திறப்பதைத் தரகர்கள் கவனித்த பிறகு 'தோட்டத் தளம்' ஆயிற்று. தரையின் மட்டம் ஓர் அங்குலம்கூட உயரவில்லை.

வட லண்டன் கட்டடம் ஃப்ரையன் பார்னெட்டில் இருக்கிறது. இப்போது அதற்குப் பிரின்சஸ் பார்க் மேனர் என்று பெயர். இளவரசி எவரும் அங்கே குடியிருந்ததில்லை. எந்தப் பிரபுவின் மாளிகையும் அல்ல அது. 1849-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் என்பதுதான் அரச குடும்பத்துக்கும் அதற்கும் உள்ள உறவு. திறந்தது 1851 கோடையில், ஹைட் பார்க்கின் கண்ணாடி மாளிகையில் உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தபோது. வரைந்தவர் சாமுவேல் டாக்ஸ். இத்தாலிய பாணி, தூரத்திலிருந்து பார்த்தால் அரண்மனையேதான். உள்ளே ஒரு நடைகூடம், மைலில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான நீளம். பிரிட்டனிலேயே நீண்டது என்று பேர் வாங்கியது. அதன் ஒரு பாதி ஆண்களுக்கு, மறு பாதி பெண்களுக்கு. 1,250 பேருக்கென்று கட்டப்பட்ட கோல்னி ஹாட்ச் பைத்தியக்கார ஆஸ்பத்திரி அது. மிடில்செக்ஸ் கவுன்டி தன் ஏழை மனநோயாளிகளுக்காக எழுப்பிய இரண்டாவது. கோல்னி ஹாட்ச் என்ற ஊர்ப்பெயர் விரைவிலேயே லண்டன் பேச்சில் ஒரு நையாண்டியாகிவிட்டது. கீழ்ப்பாக்கத்தில் வீடு என்று விலாசம் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோவதைக் கண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. கோல்னி ஹாட்ச் என்று பெயர் தாங்கியிருந்த ரயில் நிலையம் சில பெயர் மாற்றங்களுக்குப் பின் இன்று நியூ சவுத்கேட்.

இப்படிப்பட்ட கட்டடம் என்றதும் சங்கிலி, இருட்டறை, ஓலம் என்று மனம் தாவுகிறது. தாவ வேண்டாம். இதைக் கட்டியவர்கள் அந்தச் சங்கிலிக்கு எதிர்த் தரப்பு. 1796-இல் யார்க் நகரத்தில் குவேக்கர் சபையைச் சேர்ந்த தேயிலை வணிகர் வில்லியம் டியூக் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். பித்தேறியவரை அடிக்காமல், கட்டிப்போடாமல், மரியாதையாகப் பேசி, தோட்டவேலை கொடுத்து, தேநீர் மேசைக்கு அழைத்து உட்காரவைத்தால் மனம் தன் இடத்துக்குத் திரும்பும் என்பது அங்கே நடைமுறை. 1839-இல் ஹான்வெல் விடுதியின் பொறுப்பேற்ற மருத்துவர் ஜான் கனோலி அங்கிருந்த விலங்கு, வார், கட்டுநாற்காலி எல்லாவற்றையும் ஒழித்தார். 1845-இல் வந்த சட்டம் ஒவ்வொரு கவுன்டியும் ஏழை நோயாளிகளுக்கு விடுதி கட்டியே தீரவேண்டும் என்றது. இரண்டாண்டு கழித்துக் கனோலி, மனநோய் விடுதியை எப்படிக் கட்டவேண்டும் என்பதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஒரு மருத்துவர் கட்டடக்கலை பற்றி ஏன் எழுத வேண்டும்? அந்தத் தலைமுறை மருத்துவர்களுக்குக் கட்டடமே மருந்து. மேட்டு நிலம், தெற்கு பார்த்த அறைகள், காற்றோட்டம், சன்னலுக்கு வெளியே மரங்கள், நடப்பதற்குப் புல்வெளி. இவை சேர்ந்தால் குணமாகும். மாத்திரை என்று எதுவும் கையில் இல்லாத காலத்தில் அவர்கள் வெயிலையும் செங்கல்லையும் வேளை தவறாமல் கொடுக்கப் பார்த்தார்கள்.

தோட்டம் இந்தச் சிகிச்சையின் நடுநாயகம். ஒவ்வொரு வார்டையும் ஒட்டி 'காற்று வாங்கும் முற்றம்' இருக்கும்: சுற்றுச்சுவர், வளையும் பாதை, பூப்பாத்தி, நடுவில் நிழலுக்கு ஒரு கொட்டகை. காலையிலும் மாலையிலும் அந்தப் பாதையில் நோயாளிகள் சுற்றிச்சுற்றி நடந்தார்கள். சுவர் தாழ்வாக இருந்தால் தாண்டிவிடுவார்கள். உயரமாக இருந்தால் சிறை என்று தெரிந்துவிடும், சிகிச்சை கெடும். பல விடுதிகள் இதற்கு ஒரு தந்திரம் செய்தன. பிரபுக்களின் தோட்டங்களில் மாளிகைப் புல்வெளிக்குள் ஆடுமாடு வராமல் தடுக்க ஒரு பள்ளம் வெட்டுவார்கள். ஒருபக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு. மாளிகையிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குப் பள்ளமும் தெரியாது, சுவரும் தெரியாது. தன் புல்வெளி தொடுவானம்வரை ஓடுவதுபோல இருக்கும். இதற்கு ஆங்கிலத்தில் பெயர் ஹாஹா. விளிம்புக்கு வந்து திடுக்கிட்டு எழுப்பும் ஒலியிலிருந்து வந்ததாம். இதையே மனநோய் விடுதியில் சரிவை உள்பக்கமாக வைத்துக் கட்டினார்கள். உள்ளே நடப்பவருக்கு இடுப்பளவுச் சுவர், அதற்கப்பால் வயல், மேகம். அருகே போனால்தான் கால் கீழ்நோக்கி இறங்கும், சுவர் தலைக்கு மேல் எழும்பும். சன்னலிலும் அதே சாதுரியம். மரச்சட்டம்போல் தோன்றுவது இரும்பாக இருக்கும். தள்ளினால் சில அங்குலம் திறந்து நின்றுவிடும். காற்று வரும், மனிதர் போக முடியாது. கம்பி போட்டிருந்தால் அசிங்கம் என்று நினைத்த இரக்கமுள்ள மனிதர்கள் கண்டுபிடித்தவை இவை. மனத்தில் தங்கி உறுத்துவது அந்த இரக்கம்தான்.

இனி விற்பனைச் சிற்றேடுகளின் மொழிக்குப் போகலாம். மேட்டு நிலத்தில் அமைதியான சூழல். முப்பது ஏக்கர் அளவில் பராமரிக்கப்படும் புல்வெளி. நகரத்தின் இரைச்சலிலிருந்து விடுதலை. தெற்கு வெயில். உயர்ந்த சன்னல்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், நீராவி அறை. வாசலில் இருபத்துநான்கு மணிநேரக் காவல். ஒரு வரியையும் மாற்றாமல் 1851-இன் மருத்துவக் கண்காணிப்பாளரிடம் கொடுத்திருந்தால், நீச்சல் குளத்தைத் தவிர மற்றதற்கெல்லாம் அவர் தலையாட்டியிருப்பார். இந்த இடம் உன் மனத்தைச் சரிசெய்யும் என்பதுதான் கனோலியின் புத்தகமும் இந்தச் சிற்றேடும் சொல்வது. ஒரே கட்டடத்தை இரண்டு நூற்றாண்டுகள் ஒரே காரணத்துக்காக நம்புகின்றன. முதல் நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்பது சிற்றேட்டில் இல்லை. நோய் என்ற சொல் எடுக்கப்பட்டு 'நலவாழ்வு' போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எசெக்ஸ் எல்லையில் கிளேபரி என்று இன்னொரு விடுதி. 1893-இல் திறந்து 1997-இல் மூடப்பட்டு இன்று ரெப்டன் பார்க் என்ற குடியிருப்பாக இருக்கிறது. அங்கே நோயாளிகள் ஞாயிற்றுக்கிழமை தொழுத தேவாலயத்துக்குள் இப்போது நீச்சல் குளம். மரக் கூரை அப்படியே இருக்கிறது. கீழே குளோரின் வாசம். தண்ணீரில் மல்லாந்து மிதப்பவர் கண்ணுக்குத் தேவாலயத்தின் முகடு.

முதல் நம்பிக்கையை உடைத்தது கெட்ட எண்ணம் அல்ல, எண்ணிக்கை. 1,250 பேருக்கான கட்டடத்தில் பத்தாண்டு ஆவதற்குள் விரிவாக்க வேலை நடந்தது. பிறகு தொகை இரண்டாயிரத்தைத் தாண்டிற்று. லண்டன் வளர வளர, முதியவர், வலிப்புக்காரர், மூளைவளர்ச்சி குன்றியவர், குடும்பம் கைவிட்டவர் என்று வேறு போக்கிடம் இல்லாத எல்லாரும் அந்த நடைகூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டம் சிகிச்சையாக இருந்தது போய் வேலையாயிற்று; பெண்கள் சலவைக்கூடத்தில், ஆண்கள் பண்ணையில். இடம் போதாமல் மரத்தாலும் தகரத்தாலும் தற்காலிகக் கூடங்கள் எழுந்தன. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அரசாங்கங்களின் அகராதியில் எங்கும் ஒரே பொருள்தான். 1903 ஜனவரி 27 விடியலில் அவற்றில் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே பெண்கள், பெரும்பாலும் கிழக்கு லண்டனின் யூதக் குடியேறிகள், இத்திஷ் மட்டுமே பேசத் தெரிந்தவர்கள் பலர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு மொழிகளுக்கும் இரண்டு நாடுகளுக்கும் நடுவில் மனம் பிறழ்ந்து, பூட்டிய கூடத்தில், புகையில். எந்த மொழியில் கத்தினார்கள் என்று அப்போது அங்கிருந்த தாதியர் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

ஒரே ஒருத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1915-இல் டாரதி லாரன்ஸ் என்ற இளம்பெண், போர் நிருபராக அனுப்ப எந்தப் பத்திரிகையும் சம்மதிக்காததால், தலைமுடியை வெட்டி, மார்பை இறுகக் கட்டி, சிப்பாய் உடை போட்டுக்கொண்டு பிரான்சின் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தாள். பத்து நாள்போலத் தாக்குப்பிடித்துத் தானே வெளிப்படுத்திக்கொண்டாள். பிறகு புத்தகம் எழுதினாள், அது விற்கவில்லை. 1925-இல் மனநோயாளி என்று சேர்க்கப்பட்டாள். 1964-இல் இறந்தபோது அவள் இருந்தது இந்தக் கட்டடத்தில். கிட்டத்தட்ட நாற்பது வருடம். போர்முனையில் பத்து நாள் ஆணாக நடித்து ஏமாற்றியவளுக்கு, தான் பைத்தியம் இல்லை என்று இங்கே யாரையும் ஏமாற்றவோ நம்பவைக்கவோ முடியாமல் போனது. அல்லது அவளுக்கு உண்மையிலேயே நோய் இருந்திருக்கலாம். அதைத் தீர்மானிக்கிற இடத்தில் இன்று யாரும் இல்லை, அப்போது இருந்தவர்கள் சரியாகத் தீர்மானித்தார்களா என்பதும் தெரியாது. அவள் எந்தச் சன்னல் வழியாக எந்த மரத்தைப் பார்த்தாள் என்பது வீடு வாங்குகிறவருக்கு ஒரு தகவலாகுமா? ஆகாது என்றே சட்டமும் சொல்லும், நடைமுறை அறிவும் சொல்லும். ஆனால் பூவேலை தகவலாகிறது. சாந்துப் பூவுக்கும் சன்னலுக்கும் ஒரே வயது. ஒன்றின் வயதுக்கு விலை வைத்து, மற்றதன் வயதைக் கேட்காமல் இருக்க எப்படி முடிகிறது என்பதுதான் புரியவில்லை.

1961-இல் சுகாதார அமைச்சராக இருந்த ஈனக் பவல் ஒரு கூட்டத்தில் இந்த விடுதிகளின் சாவோலையை வாசித்தார். வெட்டவெளியில் தனித்து நிற்கும் அந்தப் பெருங்கட்டடங்களையும் அவற்றுக்கு மேல் கவிந்து நிற்கும் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் அவர் வர்ணித்த விதத்தால், அது 'தண்ணீர்க் கோபுரப் பேச்சு' என்றே பெயர் பெற்றது. பதினைந்து ஆண்டில் போய்விடும் என்பது அவர் கணக்கு. ஃப்ரையன் என்று பெயர் மாறியிருந்த கோல்னி ஹாட்ச் மூடப்பட முப்பது ஆண்டுக்கும் மேல் ஆயிற்று; அது நடந்தது 1993-இல். விடுதிகளின் அச்சமூட்டும் அடையாளமாக அவர் காட்டிய தண்ணீர்க் கோபுரம் இன்று கிளேபரியில் விற்பனைப் படங்களின் நடுவே கம்பீரமாக நிற்கிறது.

மூடப்பட்டபோது உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? நடைபாதைக்கும் சிறைக்கும் போனார்கள் என்பது எல்லாரும் சொல்லும் பதில். சொல்வதற்கும் வசதியான பதில், ஏனென்றால் அது இந்த அடுக்கு வீடுகளை ஒரு குற்றத்தின் லாபமாக்கி விடுகிறது. ஆனால் ஜூலியன் லெஃப் என்ற மனநல மருத்துவரின் தலைமையில் 1985 முதல் ஓர் ஆய்வுக்குழு ஃப்ரையனிலிருந்தும் கிளேபரியிலிருந்தும் வெளியேறிய நீண்டகால நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. வீடற்றுப்போனவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் ஊருக்குள் சிறு இல்லங்களில் இருந்தார்கள். திரும்பிப் போகிறீர்களா என்றால் வேண்டாம் என்றார்கள். நோய் அதிகம் குறையவில்லை, சுதந்திரம் கூடியிருந்தது. பழைய விடுதியை நினைத்து வெளியில் இருப்பவர்கள் படும் துக்கம் உள்ளே இருந்தவர்கள் கொடுத்த துக்கமல்ல என்று இது தெளிவாகக் காட்டுகிறது. இந்தக் கட்டுரையின் உறுத்தலையும் சேர்த்துத்தான்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. பார்பரா டெய்லர் என்ற வரலாற்றாசிரியர் 1980-களின் கடைசியில் ஃப்ரையனில் நோயாளியாக இருந்தவர். அதைப் பற்றி 2014-இல் ஒரு நூல் எழுதினார். அழுக்கும் அச்சமும் சலிப்பும் எல்லாம் அதில் உண்டு. கூடவே, தாங்க முடியாமல் போனபோது ஒதுங்க ஒரு சுவர் இருந்தது என்ற நன்றியும் உண்டு. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் பணியாற்றிய ஆன்ரி ரே என்ற மனப்பகுப்பாய்வாளர் இப்படிப்பட்ட மருத்துவமனையைச் 'செங்கல் தாய்' என்று அழைத்தார். மனிதத் தாய் களைத்துப்போவாள், கோபிப்பாள், இறந்துபோவாள். செங்கல் தாய் அப்படியே நிற்பாள்; நோயாளி ஓடிப்போய்த் திரும்பி வந்தாலும் அதே வாசல். வெளியேறியவர்கள் நன்றாக இருந்தார்கள், சரி. அவர்களுக்குப் பின் நோய்ப்பட்டவர்களுக்கு ஒதுங்க எந்தச் சுவர்?

அசைலம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் தஞ்சம். பித்தர் விடுதி என்பது பின்னால் வந்தது. லண்டனில் வாழும் ஈழத்தமிழருக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்த வேண்டாம். 'எண்பத்தாறில வந்து அசைலம் அடிச்சவர்' என்று ஒரு மனிதரின் மொத்த வரலாற்றையும் அரை வரியில் சொல்லிவிடுவார்கள். அடிப்பது என்ற வினை அதில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று மொழியியலாளர் யாராவது சொன்னால் நல்லது. தந்தி அடிப்பதுபோலவா, கதவை அடிப்பதுபோலவா. ஒரே சொல், ஒருபக்கம் வெளியே போகமுடியாதவர்களுக்கு, இன்னொரு பக்கம் உள்ளே வரமுடியாதவர்களுக்கு. 1903-இல் எரிந்த கூடத்தில் இருந்த பெண்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தின.

இடித்திருக்கலாமே என்று ஒரு குரல் எழும். சில விடுதிகளை இடிக்கவும் செய்தார்கள். அந்த இடங்களில் இன்று இருக்கும் சின்னச் சின்னப் பெட்டி வீடுகளில் எந்த உறுத்தலும் எழுவதில்லை, ஏனென்றால் எழுப்ப எதுவும் இல்லை. ஃப்ரையன் கட்டடம் பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரம். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் பிறந்த சட்டத்தின் விளைவு இந்தப் பட்டியல். அனுமதி இல்லாமல் பட்டியல் கட்டடத்தில் கைவைப்பது குற்ற வழக்கு. சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடக்கூட மனுச்செய்து காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கண்ணில் கட்டடம் என்பது அதன் கல், மரம், சாந்து. நடைகூடம் அதன் பட்டியலில் இருக்கலாம். நடந்தவர்கள் இருக்க முடியாது. அதைச் சட்டத்தின் குறை என்று சொல்வதும் நியாயமில்லை. நடையை எப்படிப் பட்டியலிடுவது? மைலில் மூன்றில் ஒரு பங்கு நடைகூடத்தைக் குறுக்குச் சுவர் வைத்து வெட்டி வீடுகளாக்கியபின் அதன் நீளத்தைச் சொல்ல ஒரு தாள்தான் மிச்சம்.

புதைத்த இடங்களின் நிலை இன்னும் மோசம். லண்டனுக்குத் தெற்கே எப்சம் ஊரைச் சுற்றி ஐந்து விடுதிகள் இருந்தன. அவற்றின் நோயாளிகளில் சுமார் 9,000 பேரைப் புதைத்த ஹார்ட்டன் இடுகாட்டை 1983-இல் தேசிய சுகாதாரத் துறையே ஒரு தனியார் சொத்து நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. கல்லறை எதுவும் நிற்கவில்லை. புதரும் மரமும் மண்டிய நிலம். சாலையோரமாகப் போகிறவருக்கு அது ஒரு தோப்பு. அங்கே கிடப்பவர்களின் பெயர்களைத் தேடி, வாழ்க்கையைத் திரட்டி எழுதும் வேலையைத் தன்னார்வலர்கள் செய்துவருகிறார்கள். கட்டடத்துக்கு இரண்டாம் தரம் கிடைத்தது. இடுகாட்டுக்கு விலை கிடைத்தது.

விற்பனை என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கிலாந்தில் அடுக்கு வீட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் வீட்டை வாங்குவதில்லை; வருடங்களை வாங்குகிறார். தொண்ணூற்றொன்பது வருடம், நூற்றிருபத்தைந்து வருடம், சில இடங்களில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருடம் குத்தகை. நிலம் வேறொருவருடையது. காலம் கரையக் கரைய விலை கரையும். எண்பது வருடத்துக்குக் கீழே இறங்கினால் நீட்டிப்பதற்கான செலவு ஏறும் என்பது லண்டனில் வீடு தேடும் எவருக்கும் மனப்பாடம். அந்தக் கூடுதல் செலவுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'கல்யாண மதிப்பு'. பழைய காலத்துக்காகவே ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுப்பவர், கடைசியில் பேரம் பேசுவது இனி வரும் காலத்தின் மீதிக்காக.

ஓதத்தை மறந்துவிடக் கூடாது, தோட்டத் தளத்தில் முதலில் வரவேற்பது அதுதான். கதவைத் திறந்ததும் ஒரு வாடை: ஈரச் செங்கல், பழைய கோணி, எங்கோ மூலையில் காளான். கட்டடத்தைச் சோதிக்க வரும் சர்வேயர் இரண்டு ஊசி முனை உள்ள சிறு கருவியைச் சுவரில் குத்தி, அது கத்தும் சத்தத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். விக்டோரியா காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், விடும். மழைக்காலத்தில் குடித்ததைக் கோடையில் மூச்சாக வெளியிடும். புதுப்பிக்கிறேன் என்று வருபவர்கள் அதன்மேல் சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் பெயிண்டு அடித்துவிடுவார்கள். முதல் வருடம் பளிச்சென்று இருக்கும். சுவர் மூச்சுவிட வழி இல்லாமல் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். மூன்றாவது, நான்காவது குளிர்காலத்தில் சுவரின் அடிப்பலகைக்கு மேலே உப்புப் பூத்து, பெயிண்டு கொப்புளித்து, உரிந்து விழும். பழைய கட்டடங்களில் வேலை செய்யும் கொத்தனார்கள் சொல்லும் பரிகாரம் எளியது, செலவுதான் கூட: பூசியதை எல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு, சுவரைக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே பூசுவது. காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொல்வார்கள். பொறுமை உள்ளவர்கள் குறைவு.

2011, 2012 வாக்கில் ஒன் டைரக்ஷன் இசைக்குழுவின் பையன்கள் பிரின்சஸ் பார்க் மேனரில் குடியிருந்தார்கள். அவர்களைப் பார்ப்பதற்காகப் பதின்வயதுப் பெண்கள் இரவும் பகலும் வாசல் கேட்டில் காத்துக் கிடந்தார்கள்; அழுதார்கள், பெயர் சொல்லிக் கத்தினார்கள். காவலாளிகள் அவர்களை வெளியே நிறுத்தினார்கள். அந்தக் கட்டடத்தின் வாசலில் இப்படி ஒரு காட்சி நடக்கும் என்று 1851-இல் யாராவது சொல்லியிருந்தால் அவரை உள்ளே சேர்த்திருப்பார்கள்.

இத்தகைய கட்டடங்களில் சனிக்கிழமை பகலில் வீடு காட்டுவார்கள். தரகர் இளைஞராக இருப்பார், கூர்மூக்குச் சப்பாத்து. வருகிறவர்கள் ஒரு கணவன் மனைவி, வயிற்றில் ஒரு பிள்ளை. அவர் முதலில் சமையலறையைக் காட்டுவார், பிறகு கூரையைக் காட்டுவார், கடைசியில் தோட்டத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்கு அழைத்துவருவார். ஒரு காலத்தில் சில அங்குலம் திறந்த சன்னல் இருந்த இடத்தில் தரைவரை வெட்டி வைத்த இரட்டைக் கதவு. தள்ளினால் முழுதாகத் திறக்கும். வெளியே புல், வளையும் பாதை, ஒரு பழைய மரம். அந்தப் பெண் வெளியே இறங்கி நிற்பாள். நல்ல காற்று என்பாள். கணவன் அடிப்பலகைக்கு மேலே சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்; இது வேர்த்திருக்கிறதா, வெறும் குளிரா என்று அவனுக்குத் தெரியவில்லை. குத்தகை இன்னும் எத்தனை வருடம் என்று கேட்பான். தரகர் கைபேசியைத் தடவிப் பார்த்துச் சொல்வார். பிறகு கதவைச் சாத்தி, தாழை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொள்வார்.